கரை அரித்ததற்கு ஆதாரம் எங்கே? காட்டுப்பள்ளியும் கைப்பேசி பேக்கப்பும்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையில் வட சென்னை மூழ்கிக் கிடந்தபோது, மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்தது. சிபிசிஎல் ஆலை வளாகத்திலிருந்தே எண்ணெய் வெளியேறியது என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. தமிழக அரசு பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், சேதமடைந்த படகுக்கு 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. கறுத்துப்போன வலைகள், எண்ணெய் படிந்த படகுகள், செத்து ஒதுங்கிய மீன்கள் என்று அந்த நாட்களில் நம் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் படங்கள் வந்து குவிந்தன.

அந்தப் படங்களின் அசல் இப்போது எங்கே இருக்கிறது?

காரணமில்லாமல் இதைக் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் யாரும் திறக்காத கணக்குகளை நீக்கும் நடைமுறையை கூகுள் அதே 2023 டிசம்பரில்தான் தொடங்கியது. கணக்கு நீக்கப்பட்டால் அதிலுள்ள படங்களும் தொடர்பு எண்களும் சேர்ந்தே போய்விடும். அந்த வெள்ளத்தில் போன் நனைந்து செத்து, புதுப் போனில் வேறு கணக்கோடு வாழ்க்கையைத் தொடர்ந்த ஒருவருக்கு அந்த இரண்டு ஆண்டுக் கெடு 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அவருடைய பழைய கணக்கு எந்த நாளும் நீக்கப்படலாம். நீக்கப்போவதாக முன்கூட்டியே மின்னஞ்சல் வரும். ஆனால் அது போவது, அவர் திறக்காமல் விட்ட அதே பழைய முகவரிக்கும், மீட்பு முகவரி ஒன்று கொடுத்திருந்தால் அதற்கும்தான்.

எண்ணூர் முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே காட்டுப்பள்ளி. அங்கிருந்து பழவேற்காடு வரை ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பங்கழியுமாக நீளும் மெல்லிய மணல் திட்டில் மீனவக் குப்பங்கள் இருக்கின்றன. பழவேற்காட்டை ஒட்டி ஜமீலாபாத் போன்ற முஸ்லிம் குடியிருப்புகளும் உண்டு. ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைப் ‘பாடு’ என்ற முறைப்படி ஊரே கூடி முடிவு செய்யும் மரபு இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. இந்த மண்ணில்தான் எல் அண்ட் டி நிறுவனம் துறைமுகம் கட்டியது. 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது. சுமார் 330 ஏக்கரில் இருக்கும் அந்தத் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிவாக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் திட்டம். அதற்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மறுபடி அறிவிக்கப்பட்டு மறுபடி தள்ளிப்போனது.

துறைமுகம் வந்த பிறகு அதற்கு வடக்கே கடற்கரை அரிக்கப்படுகிறது, மீன்பிடி இடம் சுருங்குகிறது என்பது மீனவர்களின் நெடுநாளைய குற்றச்சாட்டு. நிறுவனத்தின் தரப்பில் ஆய்வறிக்கைகளும் வரைபடங்களும் இருக்கின்றன. மீனவர் தரப்பில் இருப்பது கண்ணால் கண்ட அனுபவம். “போன வருஷம் கடல் இங்கே இல்லை, அங்கே இருந்தது” என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். அதைக் கோப்பில் ஏற்றுவது எப்படி? தேதியும் இடமும் பதிந்த ஒரு புகைப்படம் அந்த வேலையைச் செய்யும். அதே இடத்தில் மாதம் ஒருமுறை எடுத்து ஐந்து வருடம் சேர்த்து வைத்தால், அந்த வரிசையை லேசில் யாரும் ஒதுக்கிவிட முடியாது.

இங்கேதான் போனில் ‘சிங்க்’, ‘பேக்கப்’ என்று வரும் விஷயம் முக்கியமாகிறது. நாம் படம் எடுக்கிறோம், ஓர் எண்ணைச் சேமிக்கிறோம். என்னென்ன மாறியிருக்கிறது என்று போன் குறித்துக்கொள்கிறது. இணையம் கிடைக்கும்போது அந்த மாற்றத்தை மட்டும் கம்பியில்லாமல் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. புதுப் போனில் அதே கணக்கைத் திறந்தால் எல்லாம் இறங்கி வருகிறது. உப்புக் காற்றிலும் தண்ணீரிலும் போன் அதிக நாள் தாங்காத கடற்கரை மக்களுக்கு இதைவிடப் பயனுள்ள வசதி குறைவு. ஆனால் வசதி இருப்பது வேறு, அது நம் வீட்டில் வேலை செய்வது வேறு.

முதல் சிக்கல் வைஃபை. மொபைல் டேட்டா செலவாகாமல் இருக்க, வைஃபை கிடைத்தால் மட்டும் படங்களை ஏற்றும்படி பல போன்களில் அமைப்பு இருக்கும். குப்பத்தில் எத்தனை வீட்டில் வைஃபை இருக்கிறது? ‘பேக்கப் ஆன்’ என்று போன் சொல்லும், ஒரு படம்கூட மேலே போயிருக்காது. வைஃபை உள்ள வீட்டையும் அலுவலகத்தையும் மனதில் வைத்து வடிவமைத்தவர்கள், ரீசார்ஜ் டேட்டாவிலேயே குடும்பம் நடத்துபவர்களை நினைத்துப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இதற்காகத் தினமும் டேட்டாவைக் கரைக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாள் இரவு, அன்றைய டேட்டாவில் மிச்சமிருப்பதைக் கொண்டு, மொபைல் டேட்டா அனுமதியைத் திறந்துவிட்டால் போதும்.

அடுத்தது இடம். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. படம், மின்னஞ்சல், ஆவணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதிலிருந்தே கழிகிறது. ஐபோனில் இலவச அளவு 5 ஜிபி. கல்யாண வீடியோவும் காலை வணக்கப் படங்களும் அந்த இடத்தை நிரப்பிவிட்டால், அதற்குப் பிறகு எடுக்கும் கடல் அரிப்புப் படம் ஏறாது.

மூன்றாவது, கணக்கு யாருடையது என்ற கேள்வி. புதுப் போன் வாங்கும்போது கடைக்காரத் தம்பியே ஒரு ஜிமெயில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார். பாஸ்வேர்டு என்னவென்று வாங்கியவருக்குத் தெரியாது. போன் கெட்டால் அந்தக் கணக்கும் போயிற்று. மீட்பதற்கு ஓடிபி அனுப்புவார்கள். ஆனால் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண் துண்டிக்கப்பட்டு, 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அப்போது ஓடிபி யாருக்குப் போகும்? சர்வரில் படம் பத்திரமாக இருந்தாலும் உரியவரால் உள்ளே நுழைய முடியாது.

இதோடு நம்மிடையே பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். “வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டோம், அதுவே ஆதாரம்” என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அளவு சுருங்குகிறது. எடுத்த இடம், நேரம் பற்றி உள்ளே பொதிந்திருக்கும் தகவலும் நீங்கிவிடுகிறது. பத்துக் குழுக்களில் சுற்றிய பிறகு அது எந்த ஊர்க் கடற்கரை, எந்த ஆண்டு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதையே ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் அசல் கோப்பு அப்படியே போகும். அசல் படத்தில் இடம் பதிய வேண்டுமானால் கேமராவின் அமைப்பில் இடப்பதிவைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

நீதிமன்றம் என்று வந்தால் இந்த வித்தியாசம் பெரிதாகும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது ஒரு சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் ‘ஹாஷ்’ எனப்படும் கணித அடையாளமும் அதில் எழுதப்பட வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த அடையாளம் மாறிவிடும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு பற்றி 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: நகலைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம், அசல் கருவியை அதன் உரிமையாளரே கொண்டுவந்து காட்டினால் அது தேவையில்லை. போனே கடலோடு போய்விட்டவர் என்ன செய்வார் என்று யோசித்தால், சர்வரில் இருக்கும் அசல் பிரதியின் மதிப்பு புரியும். பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்று அதன் சட்டமே சொல்கிறது என்பது உண்மை. ஆனாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் முதல் கேள்வி, இது எங்கே, எப்போது எடுத்த படம் என்பதாகத்தான் இருக்கும்.

இதுவரை பார்த்தது பேக்கப்பின் நல்ல முகம். மறுபக்கமும் இருக்கிறது. நம் சமுதாயம் அதை அனுபவித்தே அறிந்திருக்கிறது.

2020 நவம்பரில் அமெரிக்காவின் மதர்போர்டு இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் ‘முஸ்லிம் ப்ரோ’ செயலியிலிருந்து பயனாளர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்குப் போகிறது. அந்த நிறுவனத்திடமிருந்து ஒப்பந்ததாரர்கள் வழியாக அமெரிக்க ராணுவத் தரப்புக்கும் போகிறது என்றது அந்தச் செய்தி. 9 கோடிக்கும் மேல் பதிவிறக்கப்பட்டிருந்த செயலி அது. செய்தி வந்ததும் எக்ஸ்-மோடுடனான தொடர்பைத் துண்டிப்பதாக முஸ்லிம் ப்ரோ அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் வணிக ஆணையம், உணர்வுபூர்வமான இருப்பிடத் தகவலை விற்க எக்ஸ்-மோடின் வாரிசு நிறுவனத்துக்குத் தடை விதித்தது. ஐந்து வேளை பாங்கு நேரம் தெரிந்துகொள்ள இருப்பிடம் கேட்ட செயலிக்கு நாம் கொடுத்தது அமானிதம். அது கைமாறி எங்கெங்கோ போயிருக்கிறது. படத்தை ஏற்றுவதும் இருப்பிடத்தை அனுப்புவதும் அதே கம்பியில்லாப் பாதையில்தான் நடக்கின்றன. நாம் அழுத்திய அனுமதிப் பொத்தான்தான் வேறு.

மீனவர்களுக்கு இந்தக் கேள்வி வேறு வடிவில் வந்து நிற்கிறது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் மீன் கிடைக்கும் இடங்களையும் அலை உயரத்தையும் கணித்துத் தருகிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் செயலி வழியாகவும் அந்தத் தகவல் கிடைக்கிறது. கரையை விட்டுச் சில மைல் போனதும் சிக்னல் போய்விடும் என்பதால், கிளம்புமுன் இறக்கிக்கொள்ள வேண்டும். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராமல் எத்தனை உயிர்களை இழந்தோம் என்பது மறக்கக்கூடியதல்ல. அதன் பிறகு 2019இல் வந்த ஜெமினி கருவி, செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத் வழியாகப் போனுக்குத் தந்தது. அது ஒருவழிப் பாதை. படகிலிருந்து திரும்ப ஒரு வார்த்தை அனுப்ப முடியாது.

2024 ஆகஸ்டில் பிரதமர் மோடி தொடங்கிவைத்த திட்டத்தில் அது இருவழிப் பாதையானது. 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளுக்கு இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டரை இலவசமாகப் பொருத்துவது திட்டம். ஆபத்தில் சிக்கினால் தகவல் சொல்லலாம், எல்லை தாண்டாமல் எச்சரிக்கை பெறலாம். அதே நேரம் படகு இருக்கும் இடமும் தொடர்ந்து கரைக்குப் பதிவாகும். உயிர் காக்கும் கருவியை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளிலெல்லாம் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் பழவேற்காட்டு மீனவருக்கு அந்த விண்வெளி ஆய்வின் பயனில் முதல் பங்கு சேர வேண்டும். ஆனால் எங்கே வலை போடுகிறார்கள் என்ற பதிவு வருடக்கணக்கில் சேரும்போது, அது யாரிடம் இருக்கும், துறைமுக விரிவாக்கம் போன்ற விவகாரங்களில் மீனவர் தரப்பு தன் பதிவைக் கேட்டால் கொடுப்பார்களா என்பதை இப்போதே கேட்டுவைக்க வேண்டும். ‘இந்தப் பகுதியில் மீன்பிடிப்பு குறைவு’ என்று ஓர் அறிக்கை எழுதப்படும் நாளில், அதை மறுக்கும் தரவு மீனவரின் சொந்தப் படகிலிருந்தே போயிருக்கும்.

சட்டம் உதவுமா? 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நம் தரவு என்ன ஆனது என்று கேட்கும் உரிமை, அழிக்கச் சொல்லும் உரிமை ஆகியவற்றை உள்ளடக்கிய முக்கியப் பிரிவுகள் நடப்புக்கு வர அதிலிருந்து 18 மாதம். அரசு தான் குறிப்பிடும் அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் 17ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. நிறுவனங்களிடம் கேள்வி கேட்க இந்தச் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கும். அரசிடம் கேள்வி கேட்க எவ்வளவு கைகொடுக்கும் என்பதில் நமக்குச் சந்தேகம் உண்டு.

ஆகவே எல்லாவற்றையும் திறந்து வைப்பதும் சரியல்ல, பயந்து எல்லாவற்றையும் மூடிவிடுவதும் சரியல்ல. படங்களுக்கும் ஆவணங்களுக்கும் பேக்கப் இருக்கட்டும். கேமராவுக்கு இட அனுமதி இருக்கட்டும். தொழுகை நேரச் செயலிக்கு ஊரின் பெயரைக் கையால் கொடுத்தால் போதும், எந்நேரமும் இருப்பிடம் பார்க்கும் அனுமதி வேண்டியதில்லை. டார்ச் லைட் செயலி தொடர்பு எண்களைக் கேட்டால் அந்தச் செயலியையே தூக்கிவிடலாம். வாட்ஸ்அப் பேக்கப்பை யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி 2021 முதல் இருக்கிறது. அதன் சாவியை மறந்தால் நமக்கும் திறக்காது என்பதால் எழுதி வைக்க வேண்டும்.

ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஒத்திசைவில் இருக்கும் படத்தைப் போனில் அழித்தால் சர்வரிலும் அழியும். கூகுள் போட்டோஸில் அது 60 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், பிறகு போய்விடும். ‘போனில் இடமில்லை, மேலேதான் இருக்கிறதே’ என்று அழித்தவர்கள் இப்படித்தான் இரண்டு பக்கமும் இழக்கிறார்கள். முக்கியமான படங்களுக்கு பென் டிரைவில் ஒரு பிரதி தனியாக இருக்கட்டும்.

தனி மனிதராக இதையெல்லாம் செய்வது சிரமம். ஊர்ப் பஞ்சாயத்தும் ஜமாஅத்தும் ஒரு பொதுக் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டை மூன்று பொறுப்பாளர்களிடம் கொடுத்து, மாதம் ஒருமுறை கரையின் படங்களை அதில் ஏற்றலாம். வக்ஃப் சொத்துகளை உமீத் தளத்தில் ஆறு மாதக் கெடுவுக்குள் பதியச் சொன்னபோது பழைய பத்திரங்களைத் தேடி அலைந்த முத்தவல்லிகளுக்கு, ஒழுங்காகச் சேமித்த பிரதியின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்கு இரண்டு கல்லூரி மாணவர்கள் போதும் இதை நடத்த.

காட்டுப்பள்ளிக் கருத்துக் கேட்புக் கூட்டம் மறுபடி அறிவிக்கப்பட்டால், தயாராகக் கிடைக்கும் அவகாசம் சில வாரங்கள்தான். அதற்கு முன்பாக, மிக்ஜாம் நாட்களில் பயன்படுத்திய பழைய ஜிமெயில் ஒன்று யாருக்காவது நினைவிருந்தால் இன்றே உள்ளே நுழைந்து பாருங்கள். ஒருமுறை உள்ளே நுழைந்தாலே அந்த இரண்டு ஆண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.