புரோலாக்டின் அதிகமா? ஊசி குத்தியபோது பயந்தீர்களா?

பீரியட்ஸ் சரியாக வரவில்லை, குழந்தை தள்ளிப்போகிறது என்று போனால் டாக்டர் எழுதித் தரும் டெஸ்ட்டுகளில் புரோலாக்டினும் ஒன்று. ரிப்போர்ட்டில் எண் கொஞ்சம் கூடியிருந்தால் போதும்... கூகுளில் தேடித்தேடி 'மூளையில் கட்டி' வரை போய் நிற்கிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். ரத்தம் எடுக்கும்போது நரம்பு கிடைக்காமல் இரண்டு, மூன்று முறை குத்தினார்களா?

தாய்ப்பால் சுரக்கவைக்கும் இந்த ஹார்மோன், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. மூளையின் டோபமைன்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. வலி, பயம், பதற்றம் வந்தால் புரோலாக்டின் ஏறிவிடும். அதாவது, அளக்க வந்த ஊசியே அளவைக் கூட்டிவிடலாம்!

கர்ப்பமாக இல்லாத பெண்களுக்குப் பல லேப்களில் சுமார் 25 நானோகிராம் வரை நார்மல். பதற்றத்தால் ஏறுவது பெரும்பாலும் அதற்குச் சற்று மேலேதான். பெரிய கட்டி என்றால் பொதுவாக 200-ஐத் தாண்டும். சின்னக் கட்டியில் குறைவாகவும் இருக்கலாம் என்பதால், 'பயத்தில் ஏறியது' என்று நாமே முடிவுகட்டி ரிப்போர்ட்டை மூடி வைக்கவும் கூடாது.

சந்தேகம் இருந்தால் வேறொரு நாளில், 15 முதல் 20 நிமிட இடைவெளி விட்டு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்கிறது அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2011 வழிகாட்டுதல். ஸ்கேனுக்கு முன் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

தூங்கி எழுந்த கையோடு லேபுக்கு ஓட வேண்டாம். தூக்கத்திலும் புரோலாக்டின் கூடும். டோம்பெரிடோன் போன்ற வாந்தி மாத்திரைகளும், சில மனநல மருந்துகளும்கூட ஏற்றும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.