பனிக்குள் பூக்கும் கிறிஸ்மஸ் ரோசா



வெளிநாட்டு உறவுகள் மார்கழியில் அனுப்பும் படங்களில், பனிக்கு நடுவே பூத்து நிற்கும் வெள்ளைப் பூவொன்றை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். அது கிறிஸ்மஸ் ரோசாவாக இருக்கக்கூடும். இம்மாதம் அதைப் பற்றி அறிவோம்.

பெயரில் ரோசா இருந்தாலும் இது ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. தாவரவியற் பெயர் ஹெலிபோரஸ் நைகர். நைகர் என்றால் கறுப்பு. வேர் கறுப்பாக இருப்பதால் வந்த பெயர். சுவிற்சர்லாந்து, ஒஸ்திரியா, வட இத்தாலி ஆகிய நாடுகளிலுள்ள அல்ப்ஸ் மலைக்காடுகள் இதன் தாயகம். மரநிழலே இதற்கு விருப்பமான இடம். ஒருமுறை வேரூன்றினால் பல ஆண்டுகள் வாழும். அடிக்கடி இடம் மாற்றினால் நெடுநாள் பூக்காது.

நாம் இதழ் என நினைப்பவை உண்மையில் புல்லிகள். அல்லிகள் தேன் சுரக்கும் சிறு குழாய்களாக மாறியுள்ளன. புல்லிகள் எளிதில் உதிராததால் பூ வாரக்கணக்கில் நிற்கும்.

உறைபனி விழுந்த காலையில் செடி செத்ததுபோல் சாய்ந்து கிடக்கும். தண்டின் கலங்களிலிருந்து நீர் வெளியேறுவதே காரணம். நீர் உள்ளேயே உறைந்தால் கலங்கள் சிதைந்துவிடும். குளிர் தணிந்ததும் நீர் திரும்ப, தண்டு நிமிர்ந்துவிடும். தலை சாய்வதும் உயிர் காக்கும் வழிதான்.

ஆனால் இதன் வேர் முதல் விதை வரை நஞ்சு. கி.மு. 6ஆம் நூற்றாண்டளவில் கிரேக்கத்தின் கிர்ரா நகரை முற்றுகையிட்டோர், ஊருக்குச் செல்லும் தண்ணீரில் ஹெலிபோர் வேரைக் கலந்தனர் என்று பொசானியாஸ் எழுதியுள்ளார். குடித்தவர்கள் ஓயாத வயிற்றோட்டத்தால் காவலை விட்டகன்றனர், நகரம் வீழ்ந்தது. குடிதண்ணீரில் கை வைத்தால் அது ஆயுதம் ஏந்தியவரை மட்டுமா தாக்கும்? முற்றுகைக்குள் தாகத்தோடு பிள்ளைகளை வைத்திருந்த தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குளிர் வேண்டிய இச்செடி எங்கள் வெப்ப நிலத்தில் வளராது. எனினும் பேரப்பிள்ளை பார்க்க வெளிநாடு போகும் அம்மாமாருக்கு ஒரு வார்த்தை: தோட்டத்தில் கண்ட பச்சை இலையைக் கீரையென்று பறிக்க வேண்டாம். இச்செடியைத் தொட நேர்ந்தால் கையுறை அணியுங்கள். இதன் சாறு தோலில் எரிவை உண்டாக்கும். தவழும் பிள்ளைகளை எட்ட வைத்துக்கொள்ளுங்கள். பூவைக் கண்ணால் மட்டும் பார்த்து மகிழ்வோம்.