பத்து மணி நேரச் சட்டமும் எங்கள் தெருவும்

பொது இடத்தில் ஒரு வண்டியை ஆளில்லாமல் எவ்வளவு நேரம் விட்டுவைக்கலாம்? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆவது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. பத்து மணி நேரமோ அதற்கு மேலோ நின்றால், அல்லது நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றால், சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி அதை இழுத்துச் செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ உத்தரவிடலாம். இழுத்த செலவு உரிமையாளருடையது. அபராதம் தனி.

சென்னை மேற்கு மாம்பலத்தில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் நான் கேட்டுப் பார்த்த ஒருவருக்கும் இப்படியொரு விதி இருப்பது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பயனில்லை. ராத்திரி எட்டு மணிக்கு வேலை முடிந்து வந்து வாசலில் காரை விடுகிறவர், காலை எட்டு மணிக்குத்தான் எடுக்கிறார். அதற்குள் பன்னிரண்டு மணி நேரம் ஓடிவிடுகிறது. சட்டத்தை எழுத்துப் பிசகாமல் பார்த்தால் தெருவில் பாதி வண்டிகளைத் தினமும் தூக்க வேண்டும். எல்லோரும் மீறித்தான் ஆக வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்பது அன்றைக்குப் பணியில் இருப்பவரின் இஷ்டமாகிவிடும். அதனால்தான் சொல்கிறேன்: குடியிருப்புத் தெருவுக்கு நேர வரம்பு கட்டாயம் வேண்டும். அது மக்களால் கடைப்பிடிக்க முடிந்ததாக இருக்க வேண்டும். வண்டியைத் தூக்குவதற்கு முன்பு உரியவருக்குத் தகவல் போக வேண்டும்.

வரம்பு ஏன் வேண்டும் என்பதை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன். என் கணவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. சிகிச்சை முடிந்து வரும்போது அவருக்கு நாலு அடி நடப்பதே பெரும்பாடு. தெருவின் இரண்டு பக்கமும் கார்கள் நிற்பதால் கால் டாக்ஸிக்காரர் உள்ளே வர மறுக்கிறார், முனையிலேயே இறக்கிவிடுகிறார். அவர் மேல் குற்றமில்லை. உள்ளே வந்தால் திருப்ப முடியாது, எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்தால் பின்னாலேயே போக வேண்டியதுதான். 108 ஆம்புலன்ஸுக்கும் இதே கதிதான்.

இடத்தை அடைத்து நிற்பவற்றில் தினமும் ஓடுகிற வண்டிகளை நான் குறை சொல்ல மாட்டேன். உறை போட்டு மூடி, மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் கார்களைச் சொல்கிறேன். ஒன்றின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். இன்னொன்று யாருடையது என்றே தெரியவில்லை. நாலு டயரிலும் காற்றில்லை. துப்புரவுப் பணியாளர் அதன் அடியில் பெருக்க முடியாது. மழைநீர் வடிகாலின் மூடி அதன் கீழே மாட்டிக்கொண்டதால், பருவமழைக்கு முன்பு தூர் வார வந்தவர்கள் அந்த மூடியைத் திறக்காமலே போனார்கள். அந்த வருஷம் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது.

தெருவில் யார் எங்கே நிறுத்தலாம் என்று அரசு வரையறுக்காததால் ஆளாளுக்கு வரையறுக்கிறார்கள். கேட்டுக்கு முன்னால் பூந்தொட்டி, பாறாங்கல், பழைய டயர். ‘இங்கே நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்’ என்று பலகை. ஒருவர் வீட்டு வாசலை அடைத்து நிறுத்துவது தவறு. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளே அதைத் தடுக்கின்றன. ஆனால் தன் மதில் ஓரத்துத் தெரு முழுவதையும் தன் பட்டா நிலம்போல் வளைத்துக்கொள்ளும் உரிமையும் யாருக்கும் கிடையாது.

இனி தூக்குவதைப் பற்றி. எங்கள் தெருவில் குட்டியானை ஓட்டுகிற தம்பி ஒருவர் இருக்கிறார். மனைவிக்குப் பிரசவ வலி வந்து, அவசரத்தில் மருத்துவமனைக்கு அருகே ஒரு தெருவில் வண்டியை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். இரவெல்லாம் அங்கேயே இருந்தார். காலையில் வந்து பார்த்தால் வண்டியைக் காணோம். திருட்டுப் போய்விட்டது என்று பதறி, காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் யாரோ ஒருவர், தூக்கியிருப்பார்கள், போய்ப் பாருங்கள் என்றார். தகவல் பலகையும் இல்லை, சுவரில் ஒட்டிய சீட்டும் இல்லை, கைப்பேசிக்குச் செய்தியும் இல்லை. அபராதத்தையும் இழுவைக் கட்டணத்தையும் கட்டினார். மூன்று நாள் சவாரி போயிற்று. இன்னும் மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிற வண்டி அது. அதே நேரம், காற்றில்லாத அந்தக் கார் எங்கள் தெருவில் நின்றுகொண்டே இருந்தது.

தூக்கிய வண்டிக்கு எவ்வளவு கட்டச் சொல்லலாம் என்ற கேள்வி அமெரிக்காவில் ஒரு மாநில உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சியாட்டில் நகரில் ஒரு வண்டி தெருவில் ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. 2016இல் ஸ்டீவன் லாங் என்பவரின் டிரக்கை நகராட்சி இழுத்துச் சென்றது. அந்த டிரக்தான் அவருக்கு வீடு. பிழைப்புக்கான கருவிகளும் அதில்தான் இருந்தன. அவர் ஏழை என்று தெரிந்தும் 500 டாலருக்கு மேல் கட்டச் சொன்னார்கள். 2021இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம், ஒருவரின் சக்தியைப் பார்க்காமல் விதித்த அந்தத் தொகை அரசியல் சட்டத்துக்கு விரோதமான, அளவு மீறிய அபராதம் என்று தீர்ப்பளித்தது. நகரத்துக்கு நேர வரம்பு வைக்கும் தேவை இருக்கலாம். அதற்காக ஒரு மனிதனின் வாழ்வை முடக்கும் தொகையைச் சுமத்தக் கூடாது. நம் ஆட்டோ, குட்டியானை ஓட்டுநர்களுக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

ஜப்பானில் வேறு வழியில் போனார்கள். 1962இலேயே சட்டம் போட்டு, வண்டி நிறுத்த இடம் வைத்திருப்பதை வாங்குபவரின் கடமையாக்கினார்கள். காவல் நிலையத்திலிருந்து அதற்குச் சான்று பெற வேண்டும். தெருவில் ஒரே இடத்தில் தொடர்ந்து பன்னிரண்டு மணி நேரமோ, இரவு என்றால் எட்டு மணி நேரமோ நிறுத்தவே கூடாது. முதலில் இடம், பிறகு வண்டி என்ற ஒழுங்கு இருப்பதால் அந்தக் கறாரான வரம்பு அங்கே செல்லுபடியாகிறது. நம் ஊரில் கார் இல்லாத காலத்தில் கட்டிய வீடுகள் ஏராளம். அவற்றில் நிறுத்த இடமே கிடையாது. புதிய அடுக்குமாடிகளிலோ, வண்டிக்கென்று வரைபடத்தில் காட்டிய தரைத்தளம் பல இடங்களில் கடையாகவும் கிடங்காகவும் மாறிவிட்டது. இதைக் கேட்காமல் தெருவில் நிற்பவரை மட்டும் பிடிப்பது அநியாயம்.

இன்னொன்றும் சென்னைக்கே உரியது. 2015 வெள்ளத்தில் கார்கள் மூழ்கியதைப் பார்த்தவர்கள், கனமழை எச்சரிக்கை வந்ததும் வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்றதை எல்லோரும் பார்த்தோம். அபராதம் போடுகிறார்கள் என்ற பேச்சு பரவி, போடவில்லை என்று காவல்துறை விளக்கம் தர வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் எந்தப் பாலத்தில், எந்தப் பக்கம் நிறுத்தலாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் இந்தப் பதற்றம் எதற்கு?

நான் கேட்பது இவ்வளவுதான். குறுகிய தெருக்களில் ஒரு பக்கம் மட்டும் நிறுத்த அனுமதியுங்கள். நிறுத்த இடமில்லாத பழைய வீட்டுக்காரருக்குக் குறைந்த கட்டணத்தில் இரவு அனுமதிச் சீட்டு கொடுங்கள்; வீட்டுக்கு ஒன்றே போதும். மூன்று நாள் அசையாத வண்டியின் கண்ணாடியில் சீட்டு ஒட்டுங்கள். பதிவில் உள்ள கைப்பேசி எண்ணுக்குச் செய்தி அனுப்புங்கள். மறுநாளும் நின்றால் தூக்குங்கள். ஆம்புலன்ஸையோ தீயணைப்பு வண்டியையோ மறித்து நிற்பதை உடனே அகற்றுங்கள், காத்திருக்க வேண்டாம். ஆனால் எந்த வண்டியைத் தூக்கினாலும், எங்கே கொண்டுபோனோம், யாரைக் கேட்க வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும் என்ற விவரம் அடுத்த நிமிஷமே உரியவருக்குப் போக வேண்டும். அபராதச் சலான் கைப்பேசிக்கு வருகிற காலத்தில் இது ஒன்றும் கஷ்டமான வேலையில்லை. வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்குத் தொகையைத் தவணையில் கட்ட வழி செய்யுங்கள்.

இதையெல்லாம் மனுவாக எழுதி, அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் கொடுக்கப்போகிறேன். குட்டியானைத் தம்பியும் கையெழுத்துப் போடுகிறார். உறை போட்ட காரின் சொந்தக்காரருடைய தங்கையும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் தெருவிலும் யாராவது ஒருவர் முதல் கையெழுத்தைப் போடுங்கள்.