மாளிகை பிழைத்த வழி

ஒரு வீட்டிலே பழைய பொருளொன்று நிலைத்திருப்பதற்குக் காரணம் யாது? பாட்டன் காலத்துப் பெட்டகத்தின் மேல் வீட்டார் அனைவருக்கும் பற்றுண்டு. ஆயினும் அதனுள்ளே நெல்லையோ துணியையோ வைத்தெடுப்பதற்கு ஒருவர் உள்ளவரையிற்றான் அது நடுவீட்டில் இடம்பெறும். பயன் அற்றுப்போனால் முதலில் விறாந்தைக்கும், பின்னர் கோடிப்புறத்துக்கும், ஈற்றில் அடுப்புக்கும் அது போய்ச் சேர்வதை நாம் கண்டிருக்கின்றோம். பற்று மாத்திரம் ஒரு பொருளை நெடுங்காலம் காப்பதில்லை. பெட்டகத்துக்குரிய இந்நியதி நாலாயிரம் பேர் அமரும் மாளிகைக்கும் பொருந்துமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள பழைய சினிமா மாளிகைகளின் வரலாற்றைக் கொண்டு இவ்வாரம் அதனை ஆராய்வோம்.

சினிமா மாளிகை என்றவுடன் இக்காலத்து மாணவர்கள், கடைத்தொகுதியின் மேல்மாடியில் வரிசையாய் அமைந்த சிறு மண்டபங்களை எண்ணிக்கொள்ளக்கூடும். நாம் கூறவந்தவை அவையல்ல. 1915 ஆம் ஆண்டுக்கும் 1930 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலே அமெரிக்கப் பெருநகரங்களில் எழுந்தவை உண்மையிலேயே அரண்மனைகள் போன்றவை. சலவைக்கற் படிகளும், பளிங்குச் சரவிளக்குகளும், பொன்முலாம் பூசிய தூண்களும் அவற்றை அலங்கரித்தன. சில சதங்களைக் கொடுத்து உள்ளே நுழைந்த தொழிற்சாலைக் கூலியாளும் இரண்டு மணி நேரம் அரசகுமாரனைப் போல வீற்றிருக்கலாம். நியூயோர்க்கின் றிவோலி தியேட்டரில் 1925 ஆம் ஆண்டு இயந்திரக் குளிரூட்டல் பொருத்தப்பட்டதன் பின்னர், வேனிற்காலத்தில் குளிர்ச்சியை நாடியே படம் பார்க்கச் சென்றோர் பலர். ஜோன் எபர்சன் என்னும் கட்டடக் கலைஞர் மண்டபத்தின் கூரையையே இரவு வானமாக அமைத்து, அதில் விண்மீன்களை மின்னச் செய்யும் புதுமுறையைப் பரப்பினார். 1927 ஆம் ஆண்டு நியூயோர்க்கிலே திறக்கப்பட்ட ரொக்சி தியேட்டரில் 5,920 ஆசனங்கள் இருந்தனவெனின் அம்மாளிகைகளின் பெருமையை நேயர்கள் உணர்ந்துகொள்ளலாம்.

இத்துணைப் பெருமையும் முப்பது ஆண்டுக்குள் சரிந்தது. அதற்குக் காரணம் ஒன்றன்று. 1948 ஆம் ஆண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பினால், படம் தயாரிக்கும் பெருங் கும்பனிகள் தம் வசமிருந்த தியேட்டர்களைக் கைவிட நேர்ந்தது. தாய் வீட்டின் ஆதரவை இழந்த மாளிகைகள் தம் செலவைத் தாமே தேடவேண்டியனவாயின. அதே காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வீட்டுக்குள் புகுந்தது. மோட்டார் வண்டி வாங்கிய குடும்பங்கள் நகரின் நடுப்பகுதியை விட்டுப் புறநகர்களிற் குடியேறின. ஐயாயிரம் ஆசனமுள்ள மண்டபத்தில் ஐந்நூறு பேர் அமர்ந்தால் விளக்கெரிக்கும் செலவுக்கும் வருமானம் போதாது.

ரொக்சி 1960 ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. அதன் திறப்பு விழாவிற் காட்டப்பட்ட படத்தின் கதாநாயகி குளோரியா சுவான்சன். அவர் அவ்விடிபாடுகளின் நடுவே கைகளை விரித்து நிற்கும் புகைப்படம் அப்பொழுது ‘லைஃப்’ சஞ்சிகைக்காக எடுக்கப்பட்டு உலகப் புகழ் பெற்றது. படத்தைப் பார்த்து வருந்தியோர் எத்தனையோ பேர். ஆனால் அந்த வருத்தம் ஒரு செங்கல்லையேனும் திருப்பித் தரவில்லை.

டெட்ரோயிற் நகரிலுள்ள மிச்சிகன் தியேட்டரின் கதை இதனினும் விசித்திரமானது. 1926 ஆம் ஆண்டு ஏறக்குறைய நாலாயிரம் ஆசனங்களோடு எழுந்த அம்மாளிகையைப் பிற்காலத்தில் இடிக்க எண்ணியபோது, அதனை இடித்தால் ஒட்டி நிற்கும் அலுவலகக் கட்டடமும் தளர்ந்துவிடும் என்று தெரியவந்தது. ஆகவே 1970 களின் பிற்பகுதியில் அதன் உள்ளே மூன்று தட்டுகளைக் கட்டி மோட்டார்த் தரிப்பிடமாக்கிவிட்டார்கள். மேலே பார்த்தால் அலங்கார முகடு உடைந்தும் உதிர்ந்தும் நிற்கும். கீழே வண்டிகள் வரிசையாய் நிற்கும். ஹென்றி ஃபோர்ட் 1896 ஆம் ஆண்டு தமது முதல் மோட்டார் வண்டியைச் செய்து முடித்த சிறு கொட்டில் அதே இடத்திலேதான் இருந்ததென்பது இக்கதையின் வேடிக்கை. பயன் ஒன்று கிடைத்தமையால் இம்மாளிகை விழாது நிற்கின்றது. ஆயினும் அப்பயன் அதன் சுவர்களைக் காத்ததேயன்றி, அதன் உயிரைக் காக்கவில்லை. எனவே, ஏதோவொரு பயன் என்பது போதாது. மாளிகையின் இயல்புக்கு ஒத்த பயன் வேண்டும்.

நிற்க. அத்தகைய பயனைக் கண்டுகொண்ட ஓர் ஊரைப் பார்ப்போம். ஜோர்ஜியா மாநிலத்தின் தலைநகராகிய அட்லாண்டாவில் ஃபொக்ஸ் தியேட்டர் 1929 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று திறக்கப்பட்டது. ‘ஷிறைனர்’ எனப்படும் ஒரு சங்கத்தார் தமது தலைமையகமாகக் கட்டத் தொடங்கிய கட்டடம் அது. செலவு மிகுந்தமையால் அதன் பெருமண்டபத்தைச் சினிமா முதலாளி வில்லியம் ஃபொக்ஸ் என்பவருக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அராபியக் கோட்டையொன்றின் முற்றத்தில் அமர்ந்திருப்பது போன்ற தோற்றம். தலைக்கு மேலே நீலவானம். அதிலே 96 பளிங்கு விண்மீன்கள். இடையிடையே ஊர்ந்து செல்லும் முகில்கள். பல்கனியின் மேலே விரித்த கூடாரத் துணிபோற் காண்பது துணியன்று. சாந்தினாலும் இரும்புக் கம்பியினாலும் ஆனது. ஒலி பின்வரிசைவரை சிதறாது செல்லுதற்கும் அஃது உதவுகின்றது. 3,622 குழாய்களைக் கொண்ட பேரிசைக்கருவி ஒன்றும் அங்குண்டு.

உலகப் பொருளாதார வீழ்ச்சி தொடங்கி இரண்டு மாதத்தில் திறக்கப்பட்டதாதலின், சில ஆண்டுகளிலேயே அம்மாளிகை கடனில் மூழ்கிக் கைமாறியது. பின்னர் தலைநிமிர்ந்து ஓடி, 1970 களில் மறுபடியும் தளர்ந்தது. அவ்வேளையில், 1974 ஆம் ஆண்டு, சதேண் பெல் தொலைபேசிக் கும்பனி அக்காணியை வாங்கித் தன் தலைமை அலுவலகத்தை அங்கே எழுப்ப முன்வந்தது. ஊர் மக்கள் கொதித்தெழுந்தனர், மனுக்களிற் கையொப்பமிட்டனர், வீதிகளில் இறங்கிக் குரல் கொடுத்தனர்.

இதுவரை ரொக்சியின் கதைதான். வேறுபாடு இனிமேலேதான் வருகின்றது. அட்லாண்டா மக்கள் குரல் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை, கணக்கும் போட்டார்கள். இலாபநோக்கற்ற சங்கமொன்று அமைக்கப்பட்டது. நகர நிருவாகம் இடிப்பதற்கான அனுமதியைத் தாமதித்துக் காலம் வாங்கிக் கொடுத்தது. சங்கத்தார் 1975 ஆம் ஆண்டு வங்கிகளிலே 18 இலட்சம் டொலர் கடன் பெற்று, தொலைபேசிக் கும்பனிக்கு அருகிலேயே மாற்றுக் காணி கிடைக்கும்படி ஒழுங்குசெய்து, மாளிகையைத் தமதாக்கினர். கும்பனியின் உயர்ந்த கட்டடம் மாளிகைக்குப் பின்புறமாக எழுந்தது. இரு சாராரும் தத்தம் தேவையைப் பெற்றனர். எதிரியை வீழ்த்துவதிலும் எதிரிக்கு வேறொரு வழி காட்டுவது பலவேளைகளிற் பயன் தருமென்பதற்கு இது நல்ல சான்றாகும்.

வாங்கிய கடனை எவ்வாறு தீர்த்தனர்? சினிமாவை மட்டும் நம்பியிருந்தால் மாளிகை மறுபடியும் ஏலத்துக்கே போயிருக்கும். முன்னரே நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஒப்பேராக் குழுவினர் 1947 ஆம் ஆண்டு முதல் 1968 ஆம் ஆண்டு வரை ஆண்டுதோறும் அங்கு வந்து நிகழ்ச்சி நடத்தியதுண்டு. ஆகவே அம்மேடை படத்துக்கு மாத்திரமுரியதன்று என்பதை ஊரார் அறிந்திருந்தனர். இசை நிகழ்ச்சிகள், நாடகங்கள், பாலே நடனங்கள், பேரிசைக்கருவியின் முழக்கத்தோடு கோடைகாலப் படக்காட்சிகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக நடத்தினர். எகிப்திய பாணியில் அமைந்த விருந்து மண்டபத்தைத் திருமணங்களுக்கும் விருந்துகளுக்கும் வாடகைக்கு விட்டனர். 1978 ஆம் ஆண்டு கடன் முற்றாக அடைக்கப்பட்டது. அம்மாளிகை இன்றும் நடக்கின்றது. அது மட்டுமன்று; 2008 ஆம் ஆண்டு முதல் ஜோர்ஜியாவின் சிற்றூர்களிலுள்ள ஏனைய பழைய தியேட்டர்களுக்கு ஆலோசனையும் உதவியும் வழங்கிவருகின்றது.

பழுதுபார்க்கும் வேலையின் இயல்பையும் மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. இத்தகைய மாளிகைகளின் முதற்பகை காலமன்று, தண்ணீர். கூரையில் ஓர் ஓட்டை விழுந்தால் மழைநீர் சாந்து வேலைப்பாட்டினுள் இறங்கி, அதனைத் தாங்கும் கம்பிகளைத் துருவேற்றி, ஒருநாள் முகட்டையே வீழ்த்திவிடும். ஆதலால் அறிந்தோர் முதலிலே கூரையைச் செப்பனிடுவர், பொன்முலாம் பின்னர்தான். உடைந்த பூவேலைக்கு, எஞ்சி நிற்கும் நல்ல பூவேலையிலிருந்து அச்செடுத்துப் புதிது வார்ப்பர். சுவரிலே பலமுறை பூசப்பட்ட வர்ணங்களுள் முதல் வர்ணம் எதுவென்று சிறு துண்டைப் பெயர்த்து உருப்பெருக்கியிற் பார்த்தறிவர். மறுபுறம், மின்சாரக் கம்பிகளையும், தீ எழுந்தால் வெளியேறும் வழிகளையும், நடக்கவியலாதோர் செல்லும் பாதைகளையும் இக்காலச் சட்டத்துக்கேற்பப் புதிதாகவே அமைத்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரிவது பழமை. அதனைத் தாங்குவது புதுமை.

தாமதத்தின் விலையையும் சொல்லிவிடுவோம். நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலே 1929 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிங்ஸ் தியேட்டர் 1977 ஆம் ஆண்டு மூடப்பட்டு, மழைக்கும் கள்வருக்கும் இரையாய்க் கிடந்தது. அது 2015 ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டபோது செலவு ஏறக்குறைய 9 கோடி 50 இலட்சம் டொலர். அட்லாண்டாவின் தொகை வாங்கிய கடன். இது செப்பனிட்ட செலவு. பணத்தின் பெறுமதியும் வேறு. ஆகவே இரண்டையும் நேருக்குநேர் ஒப்பிடுவது முறையன்று. எனினும், இயங்கிக்கொண்டிருக்கும் கட்டடத்தைக் காப்பது எளிது, முப்பத்தெட்டு ஆண்டு பூட்டிக் கிடந்ததை எழுப்புவது அரிது என்பது தெளிவு.

பிற ஊர்களில் வேறு வழிகளும் கண்டனர். சென் லூயிஸ் நகரின் 1925 ஆம் ஆண்டுத் தியேட்டர் 1968 ஆம் ஆண்டு அந்நகரத்து வாத்திய இசைக்குழுவின் அரங்காயிற்று. லண்டன் டூற்றிங் பகுதியிலுள்ள கிரனாடா 1970 களில் பிங்கோ விளையாட்டு மண்டபமாயிற்று. அதனை இழிவென்று கருதியோருமுண்டு. ஆனால் அவ்விளையாட்டின் வருமானமே அதன் அலங்காரங்களைக் காத்தது. 2000 ஆம் ஆண்டு அது முதலாந்தரப் பாதுகாப்புப் பெற்றபோது, பிரித்தானியாவில் அத்தகுதி பெற்ற முதற் சினிமாக் கட்டடம் அதுவே. ஆர்ஜென்ரீனாவின் தலைநகராகிய புவனஸ் அயர்சில், 1919 ஆம் ஆண்டு கட்டப்பட்டுப் பின்னர் சினிமாவாயிருந்த கிராண்ட் ஸ்பிளென்டிட் 2000 ஆம் ஆண்டு முதல் புத்தகசாலையாக விளங்குகின்றது. மேடையிலே கோப்பி அருந்துகின்றார்கள். பெட்டி ஆசனங்களிலே புத்தகம் படிக்கின்றார்கள்.

இவ்வளவும் கூறிய பின்னர் ஒன்றைக் கூறாது விடுவது நேர்மையன்று. சில சதங்களுக்கு எவரும் அரசகுமாரனாகலாம் என்று மேலே எழுதினோம். அட்லாண்டாவில் ‘எவரும்’ என்பது எல்லோரையும் குறிக்கவில்லை. கறுப்பின மக்களுக்கு ஃபொக்ஸ் தியேட்டரிலே தனி டிக்கற் சாளரம்; தனி வாயில்; வெளிப்புறப் படிகளால் ஏறி உச்சியிலுள்ள கலரியில் அவர்கள் ஒதுங்கியிருக்க வேண்டும். விண்மீன் வானம் அவர்களுக்கும் தெரிந்தது. சலவைக்கற் படி அவர்களுக்கு இல்லை. 1962 ஆம் ஆண்டுவரை இந்நிலை நீடித்தது. அப்படியிருக்க, பன்னிரண்டு ஆண்டு கழித்து மாளிகையை இடிக்க முனைந்தபோது, அந்த அனுமதியைத் தாமதித்த மேயர் யார்? மேனாட் ஜக்சன், அட்லாண்டா நகரின் முதலாவது கறுப்பின மேயர். தம் மக்களைப் புறவாயிலில் நிறுத்திய மாளிகைதானே, விழட்டும் என்று அவருடைய நிருவாகம் விட்டுவிடவில்லை. எல்லோருக்கும் முன்வாயில் திறந்துவிட்டதாதலின் அஃது எல்லோருக்கும் உரிய சொத்தாயிற்று என்றே நாம் அதனைப் பொருள்கொள்கின்றோம். கட்டடத்தைக் காப்பவர்கள் அதன் அழகை மட்டும் காத்து அநீதியை மறைத்துவிட்டால் அது பாதிப் புனருத்தாரணமே. அந்த வெளிப்படியின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வதே முழுமையான பணியாகும்.

பழைய கட்டடமொன்று எந்த ஊரிலேனும் விழும் நிலையில் நிற்கும்போது, “எத்துணை அழகானது!” என்று வியப்பதோடு நாம் அமைந்துவிடுகின்றோம். அட்லாண்டா மக்கள் வேறு மூன்று கேள்விகளுக்கு விடை தேடினர். வரும் திங்கட்கிழமை இதனுள்ளே யார் வேலை செய்வார்? அடுத்த மழைக்குள் கூரையை யார் பார்ப்பார்? முன்பு உள்ளே விடப்படாதிருந்தவர் யார்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தமையாற்றான் அந்தத் தொண்ணூற்றாறு விண்மீன்களும் இன்னும் மின்னுகின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பழைய பெட்டகத்தை ஒருமுறை திறந்து பார்க்குமாறு இளம் வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். அதனுள்ளே வைப்பதற்கு ஏதேனும் அகப்பட்டால் பெட்டகம் பிழைத்தது.