அறுந்த விரலும் அரசு மருத்துவரும்

என் சித்தப்பாவின் வலது கை ஆள்காட்டி விரலின் நுனி சற்றுக் கோணலாக இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பவர் பிரஸ் ஓட்டினார். இரவு ஷிப்டில் பிரஸ் விரல் மேல் இறங்கிவிட்டது. பாதுகாப்பு சென்சார் வேலை செய்யவில்லை என்று மூன்று நாட்களாகச் சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். கையில் துணியைச் சுற்றி, 45 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வேனில் அனுப்பினார்கள். இன்றும் அந்த விரலால்தான் சட்டைப் பொத்தானைப் போடுகிறார். "சுடுதண்ணி பட்டா சுடுதுப்பா" என்பார்.

விரல் நுனியில் சூடு தெரிவது சாதாரண விஷயமில்லை. அதற்குப் பின்னால் ஒரு மருத்துவரின் நீண்ட உழைப்பு இருக்கிறது.

பேராசிரியர் ஆர். வெங்கடசாமி, ஸ்டான்லியில் 1970களின் தொடக்கத்தில் கைக்கென்றே தனிப் பிரிவை உருவாக்கியவர். இந்தியாவில் கை அறுவை சிகிச்சையின் முன்னோடி. விரல் நுனி சாய்வாக அறுந்தால் எலும்பைக் கொஞ்சம் நறுக்கிவிட்டுத் தைத்து மூடுவது சுலபமான வழி. விரல் குட்டையாகிவிடும். வெங்கடசாமியும் என். சுப்பிரமணியனும் வேறு வழி கண்டார்கள். விரலின் பக்கவாட்டிலிருந்து முக்கோண வடிவில் தோலையும் சதையையும், அதற்குரிய நரம்பும் ரத்தக்குழாயும் அறுபடாமல் நகர்த்திக் காயத்தை மூடினார்கள். நரம்பும் கூடவே வருவதால் நுனியில் உணர்ச்சி தங்குகிறது. 1980இல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி இதழில் இதை வெளியிட்டார்கள். உலகம் முழுக்கக் கை மருத்துவர்கள் அறிந்த முறை இது.

இப்படியொரு முறை ஏன் ராயபுரத்தில் பிறந்தது? திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று சுற்றிலும் தொழிற்சாலைகள். நசுங்கிய கைகள் வந்து சேரும் இடம் அந்த இலவச அரசு மருத்துவமனை. தொழிலாளியின் விரலுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்காத மருத்துவர்கள் அங்கே இருந்தார்கள்.

சட்டம் அந்த விரலை எப்படிப் பார்க்கிறது தெரியுமா? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. எலும்பு சேதமில்லாமல் நுனி மட்டும் போனால் 5. ஏகலைவனிடம் துரோணர் கேட்டது இந்த அட்டவணைப்படி 30 விழுக்காடுதான். ஆனால் ஏகலைவனுக்கு அது முழு வாழ்க்கை. பிரஸ் முன்னால் கையை நீட்டி நிற்பவர்கள் யார் என்று சிப்காட் வாசலில் ஷிப்ட் விடும் நேரத்தில் நின்று பாருங்கள். நம் சேரிப் பிள்ளைகளும் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும்தான்.

வியாசர்பாடியில் ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் திருவேங்கடம் 2020 ஆகஸ்டில் இறந்தபோது வடசென்னை அழுதது. நாமும் ஸ்டேட்டஸ் வைத்தோம். நல்ல மருத்துவரைக் கடவுளாக்குவது நமக்குப் பிடிக்கும். அப்படி ஆக்கியதும் ஒரு கேள்வி காணாமல் போகிறது: அவரைப் படிக்க வைத்தது எது? திருவேங்கடமும் ஸ்டான்லியில் படித்தவர்தான். மக்கள் பணத்தில் நடக்கும் கல்லூரி அது.

அந்த ஏணியின் படிகளைத்தான் இப்போது ஒவ்வொன்றாக உருவப் பார்க்கிறார்கள். கிராமப்புறங்களில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் தமிழ்நாடு தந்துவந்த 50 விழுக்காடு இடங்கள் 2017இல் பறிபோயின. 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே, மாநிலத்தின் அந்த உரிமை உறுதியானது. அறுந்த விரலைச் சீர்செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரி, உயர் சிறப்புப் படிப்பு. அதில் அரசு மருத்துவர்களுக்குப் பாதி இடங்கள் என்று 2020 நவம்பரில் தமிழ்நாடு ஆணையிட்டது. அந்த ஆண்டே அது முடக்கப்பட்டது. 2022 மார்ச்சில்தான் வழி திறந்தது. சாதிவாரி இடஒதுக்கீடோ இந்தப் படிப்புகளில் கூடாது என்று 1999இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'தகுதி' என்ற பெயரில் மேல்படியில் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. விரலை இழப்பவர்களின் வீட்டுப் பிள்ளை, விரலைக் காப்பாற்றும் படிப்புக்குள் நுழைய இவ்வளவு தடைகள்.

2022 ஜனவரியில் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நல்லது. தொழிற்பேட்டைகள் நிறைந்த இம்மாவட்டத்தின் அந்தக் கல்லூரியில், இரவிலும் இயங்கும் கை அறுவை சிகிச்சைப் பிரிவு வேண்டும். ரத்தம் சொட்டச் சொட்ட ஸ்டான்லிவரை போகும் நிலை மாற வேண்டும். அதற்கு முன்னால், சென்சார் கெட்ட பிரஸ்ஸை நிறுத்தும் அதிகாரம் அதை ஓட்டும் தொழிலாளிக்கு வேண்டும். உயர் சிறப்புப் படிப்பிலும் இடஒதுக்கீடு வேண்டும்.

சாதி என்பது யார் யாரைத் தொடலாம் என்ற சட்டம். யாருடைய கை என்று கேட்காமல் அதைத் தொட்டுத் தைப்பது அறுவை மருத்துவம். ஸ்டான்லியில் அது நடந்தது. என் சித்தப்பாவின் கோணல் விரல் அதற்குச் சாட்சி. அது ஒரு நல்லவரின் தயவாக முடிந்துவிடாமல் நம் பிள்ளைகளின் உரிமையாக வேண்டும்.