பன்னிரண்டு போதும்

“நூறு படத்தை ஒரு நிமிடத்தில் எடுக்கலாமே, ஐயா, பன்னிரண்டுக்காக இந்தப் பழம்பெட்டியை ஏன் சுமக்கிறீர்கள்?” என்று மாணவனொருவன் வினவினான். நியாயமான வினாவே.

என்னிடமிருப்பது இரட்டை வில்லை கொண்ட ரோலிபிளெக்ஸ். 1901ஆம் ஆண்டிற் கொடக் நிறுவனத்தார் அறிமுகஞ் செய்த 120 என்னும் படச்சுருளே இன்றும் இதற்கு வேண்டப்படுவது. ஆறு சதமமீற்றர்ச் சதுரத்திற் சுருளொன்றுக்குப் பன்னிரண்டு படம், அவ்வளவே. தலைகுனிந்தே கண்ணாடியில் உருவைக் காணவேண்டும்; அதிலும் இடம் வலமாகத் தோன்றும். ஆதலின் அவசரத்துக்கு இங்கே இடமில்லை.

அகலப்படப் பெட்டியோ இதனினுங் கடியது. ஆறுக்குப் பதினேழு சதமமீற்றர் அளவில் எடுப்பின், அதே சுருள் நான்கு படமே தரும். முதலாம் உலகப்போரில் வலக்கையை இழந்த செக் நாட்டுக் கலைஞர் யோசப் சூடெக், பழைய கொடக் அகலப்படப் பெட்டியொன்றைச் சுமந்து திரிந்து பிராக் நகரைப் படமாக்கினார். அப்படங்கள் 1959இல் நூலாயின. விரைவாக எடுக்கவியலாமை அவருக்குக் குறையாகவில்லை. ஒவ்வோரிடத்திலும் நின்று பார்க்க வைத்தது.

சென்ற ஆண்டு என் தாயாரைப் படமெடுக்க அமர்ந்தேன். சுருளில் எஞ்சியது ஒன்றே. முற்றத்து வெயில் திண்ணைக்கு வரும்வரை அரைமணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். இன்று அவர் இல்லை. படமுஞ் சற்று மங்கலே. ஆயினும் அந்த அரைமணி நேரம் என்னிடமிருக்கிறது. நூறு எடுக்க முடிந்திருப்பின், ஐந்து நிமிடத்தில் எழுந்து போயிருப்பேன். மாணவனுக்கு என் விடை இதுவே.