உளிப்பிடிக்குத் தேக்கு எதுக்கு?

முதல் வருஷ வொர்க்‌ஷாப்பில் மரத்தைக் குடைந்து ஜாயிண்ட் போட்டது ஞாபகம் இருக்கா? எனக்கு ஞாபகம் இருப்பது பிடி பிளந்த உளிதான். மூணாவது அடியிலேயே மேலிருந்து கீழே கோடு விழுந்துச்சு. லீவுக்கு ஓட்டப்பிடாரம் வந்ததும், பழைய கதவில் மிஞ்சிய தேக்குத் துண்டைச் சீவி என் சொந்த உளிக்குப் பிடி போட்டேன். தெருவில் இருக்கும் ஆசாரி அண்ணாச்சி பார்த்துட்டுச் சிரிச்சார். "தேக்கு கதவுக்குல்லா தம்பி. அடி வாங்குற எடத்துக்கு ஆவாது."

அவர் சொன்னதுதான் சரி. தேக்கு வெயில் மழைக்கு அசையாது. அதனால்தான் கதவுக்கும் கப்பல் தளத்துக்கும் போகுது. உளிப்பிடி கேட்கிற குணமே வேற. கொட்டாப்புளி தலையில் விழுந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்ச்சியை வாங்கியும் பிளக்காமல் நிற்கணும். இங்கிலாந்துக்காரர்கள் இதற்கு ஆஷ், பாக்ஸ்வுட் எடுத்தார்கள்; ஜப்பானில் ஓக். நம்ம ஆட்களுக்குக் கருவேலம். கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் அதைத் தேடியது சும்மா இல்ல.

ஆனா நான் கை காட்டுறது சீமைக்கருவேலத்தை. திட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் கேளுங்க. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம், கண்மாயையும் தரிசையும் அடைச்சுக்கிட்டது, பிடுங்கத்தான் வேணும். எல்லாம் ஒத்துக்கிறேன். பிடுங்கின பிறகு என்ன செய்றோம்? மூட்டம் போட்டுக் கரியாக்குறோம். காய்ந்த கட்டை ஒரு கனமீட்டர் சுமார் 800 கிலோ வரும். தேக்கு 650 பக்கம்தான். கடினத்திலும் தேக்கைவிட மேல். காயும்போது அதிகம் சுருங்காது, அதனால் நல்லா காய்ந்த பிடியில் பூண் லேசில் கழறாது. கோணல் மரம், நீளமான பலகை வராதுன்னுதானே இதைக் கழிச்சுக் கட்டுறாங்க? உளிப்பிடிக்கு அரை அடி நேர்க்கட்டை போதுமே!

எடுக்கும்போது சிவந்த வைரத்தை மட்டும் எடுங்க. வெளியே இருக்கும் வெளிர் மஞ்சள் பாகத்தை வண்டு துளைச்சிடும். நடுக்குருத்து வேண்டாம், அங்கிருந்துதான் வெடிப்பு தொடங்கும். கணுவும் கூடாது. ரேகை பிடியின் நீளத்துக்கு நேராக ஓடணும். குறுக்கே வெளியேறினால் அந்த வழியாகவே பிளக்கும். ரெண்டு முனையிலும் மெழுகு தடவி, நிழலில் மாசக்கணக்கில் போட்டு வைங்க. இதில் அவசரப்பட்டவன் நான். பச்சைக் கட்டையில் போட்ட முதல் பிடியில், ரெண்டே மாசத்தில் பூண் கழன்று காலடியில் விழுந்தது. (முள் குத்தினது தனிக் கதை.)

மூட்டத்துக்கு அடுக்குறதுக்கு முன்னாடி இந்த மாதிரி துண்டுகளைப் பிரிச்சு, கரிக்குக் கிடைக்கிறதைவிடக் கூட விலை கொடுத்து வாங்க நம்ம காலேஜ் வொர்க்‌ஷாப்பே முன்வரலாம். உளி நமக்கும் வேணும், கூடுதல் காசு வெட்டுறவங்களுக்கும் வேணும். இப்போதைக்கு எங்க வீட்டுத் திண்ணையில் நாலு துண்டு காயுது. தை கழிஞ்சதும் கடைசல் போடணும். மர லேத்தை அரை நாள் தருவாங்களான்னு கேட்டுட்டு இருக்கேன்.